ஒட்டிக்கொண்டு கேட்ட இரண்டு வெடிகள்

குட்ஸ்டவுன், பென்சில்வேனியா
11 ஜனவரி 1976

எல்வுட்,

எப்போதும் "அன்புத் தம்பி" என்றுதான் தொடங்குவேன். இந்தத் தடவை மனம் வரவில்லை. உண்மையில் இந்தக் கடிதத்தை நான் எழுதவேண்டியதே இல்லை. வேட்டைக் குடிலுக்குத் தலைவர் உன் அத்தான் மெர்வின். அவர்தான் எழுதியிருக்க வேண்டும். "அவன் பேரை எழுதவே எனக்குக் கூசுது வெர்னா, நீயே எழுதிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

குடிலின் சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பு. நீ துப்பாக்கி மாட்டுகிற, உன் பெயர் எழுதியிருந்த ஆணியை உன் அத்தானின் வேட்டைக் கூட்டாளி யோஸ்ட் பிடுங்கிவிட்டார்.

நீ ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வண்டியேறிப் போனாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொம்புமானை மட்டுமே சுடலாம் என்கிற வேட்டைப் பருவத்தின் முதல் திங்கள்கிழமை, வடக்குச் சரிவில் யாரோ ஒரு பெட்டை மானைச் சுட்டு, ஹெம்லாக் மரக் கிளைகளை ஒடித்துப் போட்டு மூடியிருக்கிறார்கள். புதன்கிழமை யோஸ்ட் கண்டுபிடித்தார். நீ உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பாறையடியில் உன் லீவர் துப்பாக்கியின் காலித் தோட்டாக்கள் இரண்டு கிடந்ததை உன் அத்தான் பொறுக்கிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நீ அவற்றைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், எழுந்து போய்விட்டாய். செய்யாதவன் அப்படிப் போவானா?

போதாததற்கு, நானே காதால் கேட்டேன். அன்று காலை ஓடைக்கு இந்தப் பக்கம் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வெடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உன் அத்தானுடைய போல்ட் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். "அதுக்குள்ள மான் பக்கத்து மாவட்டத்துல காப்பி குடிச்சிட்டிருக்கும்" என்று கிண்டல் பண்ணுகிறவனே நீதான். அவ்வளவு வேகமாக உன் லீவர்தானே சுடும்?

வெர்னா

*

ஈரி
19 ஜனவரி 1976

அக்கா,

சாவி உள்ளே இருக்கிறது. நூல் சுற்றி வைத்திருக்கிறேன், உறையைக் கிழிக்கும்போது கீழே விழாமல் பார்த்துக்கொள்.

நான் அன்றைக்கு ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அதை அந்த மேசையில் சொல்லியிருக்கலாம். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, "சில பேருக்கு வேகமான துப்பாக்கி கையில இருந்தா புத்தி பின்னாடி வரும்" என்றார். யோஸ்ட் தலையாட்டினான். நீ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன்.

அந்தக் காலித் தோட்டாக்கள் என்னுடையவைதான். மறுக்கவில்லை. எப்படி அங்கே வந்தன? சுட்டதை எல்லாம் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் நானே மறுபடி மருந்து நிரப்புகிறவன் நான். உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குடிலுக்குப் பின்னால் சரளைக் குழியில் நாங்கள் குறி சரிபார்த்தபோது இரண்டு பனிக்குள் விழுந்து கிடைக்காமல் போயின. "ரெண்டு காணோம்" என்று யோஸ்டிடம் சொன்னேன். "போனா போகுதுய்யா, வசந்தத்துல முளைக்கும்" என்றான். அவனையே கேள்.

முளைத்துவிட்டன. என் பாறையடியில்.

யோஸ்டுக்குப் பம்ப் துப்பாக்கி. முன்கட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் போதும், என்னுடையதைவிட வேகம். பெட்டையைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். இதை யாரும் யோசிக்கவில்லையா?

எல்வுட்

*

குட்ஸ்டவுன்
2 பிப்ரவரி 1976

எல்வுட்,

நன்றாயிருக்கிறது உன் நியாயம். முதலில் பேசாமல் ஓடினாய். இப்போது யோஸ்ட் தலையில் கட்டுகிறாய். அடுத்து யார், நானா? என்னுடையது மடக்கித் திறக்கிற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒன்று சுட்டால் மடக்கி, எடுத்து, போட்டு, மூட வேண்டும். "பொம்பளை பொம்மை" என்று உன் அத்தான் இருபது வருஷமாகச் சிரிக்கிறார். எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தால் மனம் அடங்கி உட்காரும். ஒட்டிக்கொண்டு இரண்டு சுட நான் நினைத்தாலும் முடியாது.

உன் எண்ணம் எனக்குப் புரியாமலில்லை. தலைவர் பதவி மேல் உனக்கு ஒரு கண். போன வருஷம் கூரைத் தகரம் மாற்றியபோதே நீயும் அவரும் முறைத்துக்கொண்டீர்கள். இப்போது அவர் பேச்சைப் பொய்யாக்கிவிட்டால் யாருக்கு லாபம் என்று பார்க்கிறேன்.

உன் பெயர் இங்கே வந்தாலே அவர் எழுந்து கராஜுக்குப் போய்விடுகிறார். அந்த அளவுக்கு மனிதரைப் புண்படுத்தியிருக்கிறாய்.

வெர்னா

*

ஈரி
15 பிப்ரவரி 1976

அக்கா,

இரண்டு நாள் உன் கடிதத்தைத் திரும்பத் தொடவில்லை. இப்போது பதில் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

பெட்டையைத் தவறிச் சுடுவது நம் குடில் இருக்கிற பாட்டர் மாவட்டத்தில் வருஷாவருஷம் நடக்கிற காரியம். தலைக்குப் பின்னால் தெரியும் கிளையைக் கொம்பென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். சுட்டவன் என்ன செய்வான்? குடலெடுத்துச் சுத்தம் செய்து, சாலைவரை இழுத்துக்கொண்டு வந்து, வனக் காவலரிடம் தானே ஒப்படைப்பான். அவர் துப்பாக்கியைப் பார்ப்பார், உரிமத்தைப் பார்ப்பார், ஒரு திட்டுத் திட்டுவார். சின்ன அபராதத்தோடு போய்விடும். ராத்திரி குடிலில் அவன் சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் ஆணியடித்துச் சிரிப்போம். யோஸ்டுக்கே செய்திருக்கிறோம். இதற்குப் பயந்து யாராவது கிளையை ஒடித்து மூடுவார்களா?

அப்படியானால் மூடியவன் எதற்குப் பயந்தான்? ஒரு மாதமாக ஆலைக்குப் போகும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். வனக் காவலர் வந்தால் துப்பாக்கியைக் காட்டச் சொல்வார். மானை மறைத்தவனுக்கு உண்மையில் மறைக்கவேண்டியிருந்தது துப்பாக்கியை.

என் லீவரைக் காட்ட எனக்கு என்ன பயம்? தாராளமாகக் காட்டலாம். ஒல்லியான உடம்பு, புதருக்குள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் நீ நினைக்கிற வேகம் அதற்குக் கிடையாது. கையைக் கீழே இறக்கி மேலே கொண்டுவர வேண்டும், அதற்குள் உன் பெயரை ஒரு தடவை முழுதாகச் சொல்லலாம். யோஸ்டைச் சரளைக் குழிக்குக் கூட்டிப்போய் இரண்டு சுடச்சொல். கண்ணை மூடிக் கேள். அன்று கேட்டது அதுதானா என்று நீயே சொல்.

தலைவர் பதவியை நீயே வைத்துக்கொள்.

எல்வுட்

*

குட்ஸ்டவுன்
21 மார்ச் 1976

தம்பி,

சனிக்கிழமை குடிலின் புகைபோக்கியைப் பார்க்க யோஸ்டும் நானும் போனோம். உன் அத்தான் வரவில்லை, முதுகுவலி என்றார். உன்னைப் பொய்யனாக்கிக் காட்டத்தான் யோஸ்டைச் சுடச்சொன்னேன், அதை மறைக்கவில்லை.

"எதுக்கு?" என்று கேட்டார்.

"சும்மாதான். முடிஞ்ச வேகத்துல ரெண்டு சுடுங்க, பாக்கலாம்."

"என்மேல சந்தேகமா வெர்னா? நேராக் கேட்டுடு, நான் தாங்கிக்குவேன்."

"இந்தக் குடில்ல இப்ப எல்லார் மேலயும் எல்லாருக்கும் சந்தேகம்தான். சுடுங்க."

நான் குடிலின் சமையலறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். சுட்டார். மறுபடி சுடச்சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கோபத்தோடு முன்கட்டையை இழுத்த இழுப்பில் துப்பாக்கியே உடைந்துவிடும்போலிருந்தது. அப்படியும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, எல்வுட். அன்று கேட்டதில் அது இல்லை. அன்று இரண்டாவது வெடி முதலாவதன் முதுகிலேயே ஏறி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு காலித் தோட்டா காணோம் என்று சொன்னதும் உண்மைதானாம். "சொன்னான். நான்தான் மறந்துட்டேன்" என்றார் யோஸ்ட். பிறகு வண்டியில் வரும்போது அவராகவே, "அப்ப குழியில என் பக்கத்துல மெர்வினும் நின்னுட்டிருந்தாரு" என்றார்.

இதை வைத்துக்கொண்டு நீ எதையாவது கற்பனை பண்ணாதே. ஆனால் இங்கேயும் எனக்குச் சில விஷயங்கள் சரியாகப் படவில்லை. கராஜ் கதவை உட்புறமாகத் தாழ் போட்டுக்கொள்கிறார். நான் தட்டினால் திறக்க நேரமாகிறது. பொத்தான் வைத்த சட்டைகளையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு ஜிப் வைத்ததாக வாங்கிக்கொண்டார். இந்த வயதில் யாருக்காக இந்த அலங்காரம் என்று கேட்டேன். முறைத்தார்.

வெர்னா

*

ஈரி
29 மார்ச் 1976

அக்கா,

பம்ப்பைவிட வேகமாகச் சுடுவது ஒன்றுதான் இருக்கிறது. கையே வேண்டாம், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விரலை அசைத்தால் போதும். நம் மாநிலத்தில் மானுக்கு அந்தத் துப்பாக்கி கூடாது. பிடிபட்டால் துப்பாக்கியும் போகும், உரிமமும் போகும், குடிலின் பெயரும் போகும்.

அத்தானுடைய போல்ட் துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார். போன டிசம்பரில் காட்டுக்குப் போயிருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

நீ பார்க்காவிட்டால் வனக் காவலரைப் பார்க்கச் சொல்லி நான் எழுதுவேன்.

எல்வுட்

*

குட்ஸ்டவுன்
9 மே 1976

தம்பி,

ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்று அதை அடுப்பில் போட்டேன். போல்ட்டைத் தவிர வேறு துப்பாக்கி ஆகாது என்கிற என் புருஷனைப் போல்ட் துப்பாக்கிப் பிரசங்கி என்று கேலி செய்கிற ஊரில், அவர் போய்ச் சட்டத்துக்கு ஆகாத துப்பாக்கியைத் தூக்குவாரா? உனக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். அதையும் மீறி, முந்தாநாள் அலமாரியைத் திறந்தேன்.

போல்ட் அசையவில்லை. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறந்தேன். இரண்டு வருஷமாக அதை யாரும் சுடவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவர் உள்ளே வந்தார்.

"அத எதுக்கு எடுத்த?"

"நீங்க இத வச்சு ஒரு தடவை காட்டுங்க மெர்வின். தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கி. ஒரே ஒரு தடவை."

"வேலையத்த வேலை. வையி உள்ள."

"காட்டுங்க."

வாங்கிக்கொண்டார். எல்வுட், அந்தக் கைப்பிடியை அவரால் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஆடின. பிடிக்கப் போகும், நழுவும், மறுபடி போகும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது தடவை துப்பாக்கியைச் சோபாவில் போட்டுவிட்டு, இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

"டாக்டர்கிட்ட?"

"போனா பேர் வச்சிடுவாங்க வெர்னா. பேர் வச்சுட்டா அப்புறம் அது போகாது."

ஜிப் வைத்த சட்டை எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கராஜில் தாழ் போட்டுக்கொண்டு கையை மேசையில் பொருத்தியிருக்கும் இரும்பு இடுக்கியில் வைத்து அழுத்தி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறார். உனக்குக் கடிதம் எழுத என்னை உட்காரவைத்ததும் அதனால்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் வேறு பெண்ணைப் பற்றியெல்லாம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மீதியையும் சொன்னார். ஆலையில் கூட வேலை செய்தவரிடம் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை இரவல் வாங்கி, வண்டியில் தார்பாய்க்கு அடியில் வைத்திருந்தார். போல்ட் துப்பாக்கி குடிலில் எல்லோரும் பார்க்க ஆணியில் தொங்கியது. விடிவதற்குமுன் மாற்றிக்கொண்டார். "ஒண்ணுதான் சுட நெனச்சேன். கிளைக்குப் பின்னால கொம்பு மாதிரி தெரிஞ்சுது. விரல் ஆடினதுல ரெண்டாவது தானாப் போயிடுச்சு" என்றார். செவ்வாய்க்கிழமை சரளைக் குழியில் பனியைக் கிளறி உன் காலித் தோட்டாக்களை எடுத்திருக்கிறார்.

"அவன்மேல ஏன் போட்டீங்க?" என்று கேட்டேன். வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை சாப்பாட்டின்போது அவர் காப்பியைச் சிந்தியதைப் பார்த்து, "என்ன அத்தான், கோப்பையும் தானா சுடுதா?" என்று நீ சிரித்தாயாம். நீ ஒருவன்தான் கை ஆடுவதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தாராம். நீ குடிலில் இருந்தால் மறுபடி பார்ப்பாய், மறுபடி சொல்வாய் என்று பயந்தாராம்.

வனக் காவலருக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

உன் அக்கா

*

ஈரி
17 மே 1976

அக்கா,

நான் எழுதப்போவதில்லை. ஆனால் அவர் சொல்ல வேண்டும். உன்னிடம் வீட்டுக்குள் சொன்னது கணக்கில் சேராது. யோஸ்ட் முன்னால், எல்லோர் முன்னாலும், அந்தக் காலித் தோட்டாக்களை வைத்த அதே மேசையில் சொல்ல வேண்டும். பிறகு காவலரிடம் போக வேண்டும்.

கோப்பையைப் பற்றி நான் சொன்னது வெறும் கேலி. அவர் கைக்கு என்ன ஆகியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்காக அவர் எனக்குச் செய்ததைச் சரி என்று சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இருந்தது ஒரு பெயர்தான். ஐந்து மாதமாக அந்த மாவட்டத்தில் நான் பெட்டையைச் சுட்டு மூடிவிட்டு ஓடியவன். போன வாரம் அங்கிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர், எங்கள் ஆலை வாசலில், என்னைத் தெரியாமல் என்னிடமே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்.

ஜூலை நாலு, சுதந்திர தினம்வரை பொறுக்கிறேன்.

எல்வுட்

*

குட்ஸ்டவுன்
27 ஜூன் 1976

அன்புத் தம்பி எல்வுட்டுக்கு,

சொல்லிவிட்டார். குடில் சுத்தம் செய்யும் சனிக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு பரிமாறுமுன் எழுந்து நின்றார். கையைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை, வெளியிலேயே விட்டிருந்தார், அது பாட்டுக்கு ஆடியது. "பெட்டைய சுட்டது நான். எல்வுட் இல்ல. தோட்டாவக் கொண்டுபோய்ப் போட்டதும் நான்" என்றார். யோஸ்ட்தான் கடைசியில், "உக்காருய்யா மெர்வின், சூப் ஆறுது" என்றார்.

திங்கள்கிழமை நானே வண்டியோட்டிக் காவலரிடம் கூட்டிப்போனேன். அபராதம் கட்டினோம். உரிமம் மூன்று வருஷத்துக்கு ரத்து. டாக்டரும் பேர் வைத்துவிட்டார், பார்க்கின்சன். மாத்திரை கொடுத்திருக்கிறார். தலைவர் பதவியை யோஸ்டிடம் கொடுத்துவிட்டார்.

உன் ஆணியைப் பழைய இடத்திலேயே அடித்திருக்கிறார்கள். சாவியை இத்துடன் அனுப்புகிறேன். நீ கேட்டதெல்லாம் நடந்துவிட்டது, இனி மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு உன் அத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். டிசம்பரில் கட்டாயம் வா. எல்லாம் முன்போலவே இருக்கும். மான் இறைச்சிச் சாசேஜ் உனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா வெர்னா

*

ஈரி
11 ஜூலை 1976

அக்கா,

சாவி வந்து சேர்ந்தது. அத்தான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார் என்று படித்தபோது என் கோபம் பாதி போய்விட்டது. கையை வெளியே விட்டிருந்தார் என்று எழுதியிருந்தாயே, அங்கே மீதியும் போய்விட்டது.

அவரிடம் சொல். மானுக்குத்தான் உரிமம் வேண்டும், சரளைக் குழியில் காகிதத்தைச் சுடுவதற்கு வேண்டாம். உன் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்தால் கை ஆடினாலும் குழல் ஆடாது. மடக்கித் தோட்டா போடுவதை வேறொருவர் செய்யலாம். ஒரு நாள் முழுக்க நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். "பொம்பளை பொம்மை" என்று அப்போது சொல்கிறாரா பார்க்கலாம்.

ஆனால் டிசம்பருக்கு வருவதாக இன்னும் முடிவு செய்யவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என்னைச் சந்தேகப்பட்டதற்கு அத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் என்னை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை, அக்கா. அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்? நான் சுடவில்லை என்று அந்தக் குடிலிலேயே உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யோஸ்டுக்குச் சந்தேகம் வந்தது. அவன் பழக்கக்காரன், போகட்டும்.

நீ என்னைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு காலித் தோட்டாக்களைப் பார்த்ததும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டுகளை அடுக்கினாய். பிறகு சாவியைக் கேட்டு எழுதினாய்.

அதையும் சேர்த்து ஐந்து கடிதம் எழுதிவிட்டாய். யார் சுட்டது, எதனால் சுட்டது, எப்படி மறைத்தது, எல்லாம் விவரமாக இருக்கிறது. நீ என்னைக் கேட்காமல் விட்டதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

எல்வுட்